சைபர் வாங்கிய மாமனார்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மார்க்கு மேடம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. எழுபத்தைந்து வயது தாண்டிய யார் வந்து படுத்தாலும் அவர்களுடைய பழைய மருத்துவக் குறிப்புகள் அடித்தளத்தில் இருக்கும் அவள் மேஜைக்கு வந்துவிடும். அவற்றைப் படித்து, ஆள் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று மார்க்கு போடுவது அவள் வேலை. கீழே விழுந்ததற்கு இத்தனை, நினைவு தடுமாறியதற்கு இத்தனை, எடை குறைந்ததற்கு இத்தனை. மொத்தம் பதினைந்தைத் தாண்டினால், கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் டாக்டர் கொஞ்சம் நிதானிப்பார். மார்க்கு கூடினால் வீட்டார் அழுகிற பரீட்சை உலகத்தில் இது ஒன்றுதான்.

நோயாளி யாரையும் அவள் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. "நேர்ல பார்த்தா கிழங்கள் நடிக்கும். டாக்டரைப் பார்த்தா நிமிர்ந்து உட்காரும், பொண்டாட்டியைப் பார்த்தா முனகும். பேப்பருக்கு நடிக்கத் தெரியாது. பேப்பர்ல இல்லைன்னா இல்லவே இல்லை" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அளந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் மேஜைக்கு ஒருநாள் சொந்த மாமனாரின் குறிப்பே வந்து சேர்ந்தது.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்ட மனுஷன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். தரைத்தளத்தில் மகனோடும் மருமகளோடும் வாசம். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள் ஒருவர் இருந்தார். கேரம் ஆடுவதில் புலி. சாயங்காலமானால் அங்கே ஆட்டம், டீ, ஊர் வம்பு. முழங்கால் தேய்ந்ததிலிருந்து மாமனாரால் படியேற முடியவில்லை. அந்த அம்மாள் இறங்கி வரலாமே என்றால், "போர்டு அங்கதானே இருக்கு" என்பார். எழுபத்தெட்டு வயதில், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஒருவர் முட்டியை மாற்றிக்கொள்ள இப்படித் துடிப்பது கேரத்துக்காக மட்டும் இருக்காது என்று மருமகளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு ஆட்சேபணையும் இல்லை. சாயங்காலத்தில் வீடு அமைதியாக இருந்தால் யாருக்குக் கசக்கும்?

குறிப்பைத் திறந்தாள். முழங்காலுக்காக வந்ததை விட்டால், மனிதர் ஆயுளில் ஒரே தடவைதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். காதில் எறும்பு. வெளியே எடுத்தாயிற்று. அவ்வளவுதான். மார்க்கு சைபர். அந்தக் கணக்குப்படி வார்டிலேயே திடகாத்திரமான ஆள் அவர்தான். மறுநாள் காலை முதல் ஆபரேஷன் அவருக்கே.

ஆனால் வீட்டில் கண்ணெதிரே நடந்தது வேறு. இந்த வருடம் மூன்று தடவை விழுந்திருந்தார். முதல் தடவை குற்றவாளி மிதியடி, அடுத்தது பூனை, அதற்கடுத்தது செருப்பு. அவர் கால்மேல் ஒருநாளும் குற்றம் கிடையாது. பெல்ட்டில் ஆணியை அடித்துப் புதுப்புது ஓட்டையாகப் போட்டுக்கொண்டே போனார். இருட்டத் தொடங்கினால் சில நாள் மருமகளைச் செத்துப்போன மாமியாரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மாமியாரோடு அவளுக்கு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை என்பதால் அது இரட்டைக் கடுப்பு. இதற்கெல்லாம் டாக்டரிடம் போனதில்லை. போகாததால் யாரும் எழுதவில்லை. எழுதாததால், அவளுடைய சட்டப்படி, எதுவும் நடக்கவே இல்லை. இப்படி இன்னும் எத்தனை பேருக்குச் சைபர் போட்டுத் தள்ளியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். "அப்பா ஆசைப்படறாரு, நீ எதையாவது கிளப்பாத" என்று அவன் கழன்றுகொண்டான். அவள் மாடியேறி வார்டுக்குப் போனாள்.

கட்டிலருகே ஒரு நர்ஸ் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மாமனார் தலையைப் படிய வாரி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"சமீபத்துல எங்கயாவது கீழ விழுந்தீங்களா தாத்தா?"

"தாத்தாவா? யாரைம்மா கேட்கற?" என்று அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"மூணு தடவை விழுந்திருக்காரு" என்றாள் மருமகள்.

மாமனாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீ கீழ போய் உன் பேப்பரைப் பாரும்மா."

"பேப்பர்ல எறும்புதான் மாமா இருக்கு." அவள் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "நான் இவரோட மருமக. எல்லாத்தையும் எழுதிக்கோங்க."

ஒன்றுவிடாமல் சொன்னாள். பெல்ட்டைச் சொன்னாள், மாமியார் பெயரைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கட்டிலில் சிறுத்துக்கொண்டே போனார். இத்தனை வருடம் படித்த பேப்பரில் யாரும் அவள் கண்முன்னே இப்படிச் சிறுத்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை.

நர்ஸ் எழுதியது அவள் மேஜைக்கே வந்தது. அவளே கூட்டினாள்: பத்தொன்பது. டாக்டர் வந்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். மாமனாரால் எழ முடியவில்லை. "இப்ப மயக்க மருந்து கொடுத்தா பழையபடி எழுந்து வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது. மூணு மாசம் நல்லா சாப்பிடுங்க, காலுக்குப் பயிற்சி பண்ணுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் அவளோடு பேச்சை நிறுத்தினார். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "என்னைப் போட்டுக் கொடுத்த மகராசிகிட்ட அந்த உப்பை நகர்த்தச் சொல்லு" என்று மகனிடம் சொல்வார். மகன் தபால்காரன் வேலை பார்த்து அலுத்துப்போனான்.

ஒரு விடுமுறை நாளில் அவன் வெளியே போயிருந்தான். டாக்டர் சொன்னபடி அவள் இரண்டு முட்டையை அவித்து, ஒன்றை உரித்து மாமனார் முன்னே வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். பிறகு சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"மூணு தடவைன்னு சொன்ன இல்ல?"

"ஆமா மாமா."

"ஆறு."

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் ஒருநாள் பாத்ரூம்ல விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேட்கல. அங்கயே கிடந்தேன். சாயங்காலம் நீ கதவைத் திறக்கற சத்தம் கேட்டதும், எப்படியோ சுவத்தைப் பிடிச்சு வந்து சோபாவுல உட்கார்ந்துட்டேன். அன்னிக்கு நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஈரத் துணியோடு சோபாவில் உட்கார்ந்தால் மெத்தை என்னத்துக்கு ஆகும் என்று வாய்க்கு வந்தபடி கத்தியிருந்தாள்.

"அதுக்கு எத்தனை மார்க்கு போடுவ?" என்றார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவளுக்கு அழுகையாக வந்தது. இரண்டாவது முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.