கன்னியப்பன் அண்ணன் கொடுத்த சாம்பல்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். டாக்டர்கள் எழுத வேண்டியதை நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னியுங்கள். காரணம் தெரியாத வயிற்றுவலியோடு அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒருவர் மேலுள்ள கோபத்தாலும் எழுதுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிவது என் வேலை. இழைகளைப் பிரித்து, முனையை நாக்கில் ஈரமாக்கி, முறுக்கி முடிச்சுப் போடுவேன். போன ஆடியில் ஒருநாள், பாதி முடிச்சில் வலது கை விரல்கள் நின்றுவிட்டன. மணிக்கட்டு தொங்கியது. அதற்குப் பல மாதங்கள் முன்பே வயிற்றைப் பிழியும் வலி, மலச்சிக்கல், வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. அல்சர் என்றார்கள். பிறகு குடல்வால் என்று அறுத்தார்கள். வலி போகவில்லை.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் ஒரு பெண் டாக்டர் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறில் நீலக்கோடு.

“பாத்திரம் எதால தேய்ப்பீங்கம்மா?”

“சாம்பல், புளி.”

“விறகுச் சாம்பலா?”

இல்லை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் அண்ணனின் உலை. பழைய பட்டுப்புடவைகளை வாங்கி எரித்து, ஜரிகையிலிருக்கும் வெள்ளியை உருக்கி எடுப்பார். வெள்ளியைப் பிரிக்க ஈயம் சேர்ப்பார்கள். உலையடிச் சாம்பலை வாரம் ஒரு டப்பா எனக்குத் தருவார். குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் அதில் தங்கமாய் மின்னும். ஏழு வருடம் தேய்த்தேன். நகக்கண்ணில் இருந்த தூள், இழையோடு நாக்குக்குப் போனது.

இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கணவருக்கும் இருந்தது, குறைவாக.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குடலிலிருந்து இரத்தத்துக்கு வரும் ஈயம் சிவப்பணுக்களில் (இரத்தத்துக்கு நிறம் தரும் அணுக்கள்) ஏறிக்கொள்கிறது. கல்லீரல், சிறுநீரகம், மூளை, நரம்பு எல்லாவற்றுக்கும் போகிறது. மிச்சத்தை எலும்பு, சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் இருப்பது சில மாதங்களில் குறையும். எலும்பில் இருப்பது இருபது, முப்பது வருடம் கிடக்கும்.

ஊசி மருந்து ஏற்றினார்கள் (ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து). ஐந்து நாள் ஏற்றி, இடைவெளி விட்டு, மறுபடி. வலி விட்டது. மணிக்கட்டு பாதி நிமிர்ந்தது.

வீடு திரும்பியதும் கன்னியப்பன் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

“பாத்ரம் தேய்ச்சவளுக்கு வந்துச்சாம், இருவது வருஷமா உருக்கிக்கினு கீற எனக்கு வரலியாம். நல்ல கதைமா இது!”

“உங்க வீட்ல ஏண்ணே அதுல தேய்க்கிறதில்ல?”

கேட்ட எனக்கே ஆச்சரியம். அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

“அத்த வூட்டுக்குள்ள எடுத்தாராதன்னு எங்கப்பா சொல்லிக்கினே இருப்பாரு. அதான் நாங்க தொடறதில்ல. உனுக்கு ஆவாதுன்னு யாரு கண்டா?”

அவர் போன பிறகு ஆரஞ்சுகளைக் குப்பையில் போட்டேன். புகார் எழுதலாம் என்றேன். “ஆபீசர் வருவான், பாத்துட்டுப் போவான். நாமதானே இந்தச் செவுத்தாண்ட இருக்கணும்?” என்றார் கணவர். எனக்கும் உலையை மூடுவது மட்டும் போதவில்லை. அவருக்கு உள்ளே வலிக்க வேண்டும் என்றிருந்தது.

கையில் வலுவில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கணக்குதான் ஓடும். எழுபது வயதில் என் எலும்பு தேயும். அப்போது அந்த ஈயம் மறுபடி இரத்தத்தில் இறங்கும். அவர் இருக்க மாட்டார். அவர் கொடுத்தது இருக்கும். வயதாவது என்றால் மற்றவர்களுக்கு நரை. எனக்கு, உள்ளே இருப்பது திறந்துகொள்வது.

அவர் மருமகள் திவ்யாவுக்கு ஆறு மாதம். போன செவ்வாய்க்கிழமை வளைகாப்புப் புடவையோடு வந்தாள்.

“அத்தை, நீங்க முடிஞ்சாதான் குஞ்சம் அழகா இருக்கும். மெதுவா குடுங்க.”

“மாமனார் சட்டைய யாரு துவைக்கிறது?”

“மெஷின் ரிப்பேரு, நான்தான் ஒதறிப் போட்டுத் துவைக்கிறேன். ஏன் அத்தை?”

சொன்னேன். தாயின் இரத்தத்தில் இருப்பது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், பிள்ளையின் மூளைக்குப் போகும் என்று டாக்டர் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்தேன். அவள் புடவையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தைக்காகச் சொன்னேன் என்று எழுதினால் எல்லோரும் மெச்சுவார்கள். அந்த நேரத்தில் என் மனதில் குழந்தை இல்லை. கன்னியப்பன் அண்ணனின் முகம்தான் இருந்தது. சொல்லும்போது இனித்தது.

படிக்கிறவர்களுக்கு ஒன்று: ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருக்கிறது என்றால், இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

மறுநாள் காலை திவ்யாவின் அப்பா ஆட்டோவில் வந்து அவளை ஏனாத்தூருக்கு, தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார். பத்து மணிக்கு உலை எரிந்தது. புகை வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.