விக்டோரியாவில் மிதந்த படகு

அலவத்துகொடையில் கடை வைத்திருக்கும் நான், புத்தளத்தில் மீன்பிடிக்கும் என் தங்கையின் கணவருக்காகக் கண்டியில் படகுக் கடை வைத்திருக்கும் ஒருவனிடம் அலுமினியப் படகு வாங்கினேன். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஓட்டிக் காட்டினான். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. "கடலுக்கும் இதுதான் நானா, பயப்படாமக் கொண்டு போங்க" என்றான், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல. மலைநாட்டான் நான், நம்பிவிட்டேன்.

சில மாதங்களில் நடுக்கடலில் படகின் அடி ஓட்டையானது. பக்கத்துப் படகுக்காரர்கள்தான் மச்சானைக் காப்பாற்றினார்கள். அடிப்பகுதித் தகட்டில் இரும்பு ஆணி அடித்திருக்கிறான், பாவி. உப்புத்தண்ணீர் பட்டு, ஆணியைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போயிருந்தது.

படகை லொறியில் ஏற்றிவந்து, அவன் கடைக்கு எதிரே நண்பனின் காணியில் ஓட்டை தெரியக் கவிழ்த்துப் போட்டேன்.

"மானம் போகுது நானா, எடுங்க!"

"மச்சான் மவுத்தாகியிருந்தா என்ட தங்கச்சி விதவையா இத்தா இருந்திருப்பா. உனக்கு மானமா?"

எடுக்கவில்லை. இப்போது நான் கண்டிக்குப் போகும் நாட்களில் அவன் கடைக்கு யார் படகு பார்க்க வந்தாலும் காந்தத்தோடு நானும் உள்ளே போகிறேன். ஆணியில் காந்தம் ஒட்டினால், அவன் முன்னாலேயே, "கடலுக்கு இது வேணாம்" என்கிறேன்.