இறந்தவர் முகம் போடக் கூடாது என்று ஒரு சட்டம்

எங்கள் ஊர்க் குரூப்புக்கு நான் அட்மினாக இருந்தேன் என்று சொன்னால் இப்போதும் சிலர் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் ஒதுங்கியதில்லை. என் பெயரை மட்டும் எழுதுவேன், அதுவும் பென்ஷன் ஆபீசுக்காகப் படித்தது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் எழுதுகிறார்கள். ஆனால் எனக்குப் படம் பார்க்கத் தெரியும்.

நாற்பது வருஷம் கரையில் மீன் ஏலம் விளித்தவன். மீனைத் தொடாமலே, கண்ணைப் பார்த்தே, இன்றைக்குப் பட்டதா நேற்றுப் பட்டதா என்று சொல்லிவிடுவேன். எல்லார் கையிலும் டச் போன் வந்த வருஷங்களில், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு வியாபாரி தினமும் காலையில் குரூப்பில் நெய்மீன் படம் போடுவார். நாலாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. அதே மீன், அதே வாலில் அதே கீறல். ஆள் பனிக்கட்டியை மட்டும் மாற்றி மாற்றிப் படம் எடுத்திருக்கிறார். இதைக் கரையில் வைத்துச் சொன்னபோது டீச்சரும் நின்றிருந்தார்கள். குரூப்பை அவர்கள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எழுத்தை நான் பார்க்கிறேன், படத்தை நீங்கள் பாருங்கள் என்று அன்றைக்கே என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

வேலை பெரிய வேலை இல்லை. யார் எதைப் போட்டாலும் முதலில் எங்கள் இரண்டு பேர் போனிலும் வந்து நிற்கும். பச்சையைத் தொட்டால் ஊருக்குப் போகும். சிவப்பைத் தொட்டால் போகாது. ஊர் என்றால் கரையில் பாதி, கல்ப் நாடுகளில் வேலைக்குப் போனவர்கள் பாதி.

சட்டங்களைக் கோயில் முற்றத்தில் கூடிப் பேசி வைத்தோம். வெறும் உடம்பு கூடாது. ரத்தம் கூடாது. பெண்பிள்ளைகளைக் கேட்காமல் எடுத்த படம் கூடாது. அடுத்த வாரமே திருவிழாக் கொடியேற்று. ஒருவன் எங்கள் கோயில் புனிதரின் படத்தை அனுப்பினான். இடுப்பில் ஒரு துணி, உடம்பெல்லாம் அம்பு, அம்பு பட்ட இடமெல்லாம் ரத்தம். ஒரே படத்தில் இரண்டு சட்டம் போச்சு. டீச்சரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடுங்க மாமா, அவரு நம்ம ஊருக்காரருல்லா" என்றார்கள்.

அதே திருவிழாவில் ஒரு பையன், ஐஸ் தின்றுகொண்டு நின்ற பெண்ணைப் படம் எடுத்து அனுப்பினான். சிவப்பைத் தொட்டேன். அவளிடம் கேட்டுவிட்டு அனுப்பு என்று சொன்னேன். கேட்டிருக்கிறான். அந்தப் படத்தில் தன் தலைமுடி சரியில்லை என்று சொல்லி அவள் வேறொன்றைக் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டோம்.

நாலாவது சட்டம் கூடிப் பேசி வைத்ததில்லை. அது நான் ஒருத்திக்குக் கொடுத்த வாக்கு. எங்கள் தெருவில் கருவாடு போட்டு விற்கிற பெண். இந்தப் பச்சை, சிவப்பு ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்னால், அவள் புருஷனைக் கடல் எடுத்துக்கொண்டது. உடம்பு மேற்கே வேறொரு கரையில் ஒதுங்கியது. அங்கே யாரோ எடுத்த படம் கை மாறிக் கை மாறி எங்கள் குரூப்புக்கு வந்துவிட்டது. நாங்கள் நாலு பேர் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டே அவள் வீட்டுக்கு நடக்கிறோம், அவளோ பக்கத்து வீட்டுக்காரியின் போனில் ஏற்கெனவே பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அழவில்லை. நாங்கள் போன நேரத்தில் அழுகையெல்லாம் முடிந்திருந்தது. இனி இந்தக் குரூப்பில் இறந்தவர் முகம் எதுவும் வராது என்று அவளிடம் நானாகச் சொன்னேன்.

பிறகு இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் ஒரு படம் வந்து நின்றது. வெள்ளைச் சேலை, தலையில் பூமுடி, கையில் ஜெபமாலை. முந்தின நாள் இறந்துபோன கிழவி. என்னிடம் சாளை மீன் ஏலம் எடுத்து, கூடை குறைகிறது என்று தினமும் சண்டை பிடித்தவள். அப்படிச் சண்டை போட இனி ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். படத்துக்குக் கீழே எழுத்து இருந்தது. டீச்சர் பரீட்சை வேலைக்கு நாகர்கோவில் போயிருந்தார்கள், அங்கே போனை அணைத்து வைக்க வேண்டும். எழுத்து எதுவானால் என்ன, சட்டம் சட்டம்தானே என்று சிவப்பைத் தொட்டுவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிழவியின் மகள் வந்தாள். துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள். தலைகூட வாரவில்லை.

"மாமா, எனக்க அம்மைக்க படம் அனுப்பி எத்தன நேரமாச்சு. ஏன் விடல்ல?"

சட்டத்தைச் சொன்னேன்.

"கீழ எல்லாம் எழுதியிருந்தேனே."

"எழுத்து எனக்கு ஆவாது மக்கா."

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் தம்பி கல்ப்பில், பாலைவனத்துக்குள் ஒரு முகாமில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. அவன் போன் உடைந்து கிடக்கிறது. காலையில் ஒரு டிரைவரின் போனில் பேசியிருக்கிறான். அந்த டிரைவர் லாரியோடு போய்விட்டான். கையில் எந்தப் போன் கிடைக்கிறதோ அதில் என் பாஸ்வேர்டைப் போட்டு நம்ம ஊர்க் குரூப்பைத் திறந்து பார்க்கிறேன், அம்மை முகத்தை அதில் போடு என்று சொல்லி வைத்திருக்கிறான். அவனுக்கு முகத்தைக் காட்ட வேறு வழி கிடையாது. எங்கள் பக்கத்தில் பெட்டியைக் குழியில் இறக்கியதும் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி மண் போடுவார்கள். அதே நேரத்துக்கு அவனும் அங்கே ஒரு பிடி போடுவதாக ஏற்பாடு.

"நாலு மணிக்குப் பெட்டிய மூடியாச்சுண்ணா, பெறவு கண்டு என்னத்துக்கு மாமா? மொகம் காணாம மண்ணு போடுவானா?"

பச்சையைத் தொட எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் நான் வாக்குக் கொடுத்த பெண் நாலு வீடு தள்ளி இருக்கிறாள், அவள் கையிலும் போன் இருக்கிறது. அவளைக் கேட்காமல் முடியாது என்றேன். இரண்டு பேருமாகப் போனோம்.

அவள் முற்றத்தில் ஓலைப்பாயில் கருவாட்டைப் பரத்திக்கொண்டிருந்தாள். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு கிழவியின் மகளைப் பார்த்தாள்.

"படம் ஆரு எடுத்தா?"

"நான்தான்."

"குளிப்பாட்டி, உடுப்பிச்சு எடுத்ததா?"

"ம்."

என் பக்கம் திரும்பினாள். "எனக்க மாப்பிள்ளைய எடுத்தவன் ஒரு துணியக்கூட இழுத்து விடல்ல மாமா. அதும் இதும் ஒண்ணா? பெத்த மவன் கேக்கான். குடுங்க."

நாங்கள் திரும்பினோம். பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"சொல்லாம விடாதீங்க. இன்னாருக்க மொகம் வருதுண்ணு மொதல்ல சொல்லுங்க. காண மனசில்லாதவ போன மூடி வைக்கட்டு. எனக்கு அண்ணைக்கு அது கெடைக்கல்ல."

சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். திரும்பவும் கருவாட்டுக்குப் போய்விட்டாள்.

என்னைப் போல வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் எட்ட வேண்டுமே என்று, நான் பேசுவதையே கிழவியின் மகள் தன் போனில் பிடித்தாள். ஏலம் விளிக்கிற குரலில், கிழவியின் பெயரைச் சொல்லி, அவள் முகம் பத்து நிமிஷத்தில் வரும், வேண்டாதவர்கள் மூடி வையுங்கள் என்றேன். அதைப் போட்டோம். பத்து நிமிஷம் கழித்து, அவள் மறுபடி அனுப்பிய படத்தில் பச்சையைத் தொட்டேன். இறந்தவர் முகத்தை, வீட்டார் கேட்டால், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடலாம் என்று சட்டம் அன்றைக்கு மாறியது. இன்றுவரை அதுதான் சட்டம்.

கல்ப்பில் இருக்கும் மகனிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. துக்கமணி அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் சொன்னார், பெட்டியை மூடினார்கள், கயிற்றைப் பிடித்து இறக்கினார்கள். மகள் குழியின் ஓரத்தில் கையில் மண்ணோடு நிற்கிறாள், போடவில்லை. எல்லாரும் அவளையே பார்க்கிறோம்.

அப்போது என் சட்டைப்பையில் போன் துடித்தது. ஒரு படம் வந்து நின்றது, யாருடைய போனிலிருந்தோ. விரித்த ஒரு கை, அதில் சிவந்த மணல். பின்னால் நாலைந்து பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. போனை மகளிடம் நீட்டினேன்.

"அவனுக்க கைதான்" என்றாள். "தூண்டி கிழிச்ச தழும்பு கெடக்கு பாருங்க."

பச்சையைத் தொட்டேன். கூடி நின்றவர்களின் பைகளில் எல்லாம் போன் ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்தது. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்து நின்றார். மகள் குனிந்து தன் மண்ணைப் போட்டாள்.