திறந்து போட்ட வரிசை

ஆரணியில் வேணுகோபால் வீட்டுத் தறியில் புது டிசைன் ஏறியிருந்தால், அந்நியர் யாராவது வாசலில் தலைகாட்டியதும் பாவு நூலின்மேல் ஒரு பழைய வேட்டி விழுந்துவிடும். அந்த வீட்டுப் பெண் தேவிப்ரியாதான், சென்னையில் ஒரு கல்லூரியின் உடலியல் துறைக்கு ஆராய்ச்சி செய்யப் போய், உலகத்துக்கே திறந்து கிடக்கும் தகவல்தளங்களில் குடியேறினாள். முகம் தெரியாதவர்கள் அங்கே பதிந்துவைத்த மரபணு வரிசைகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான், எலியின் சிறுநீரகத்தில் உப்பைக் கடத்தும் ஒரு புரதத்தின் மரபணுவைப் பிடித்தாள்.

வழிகாட்டியான துறைத்தலைவர் சக்கரவர்த்தி, "என் கட்டுரை வர்ற வரைக்கும் மூச்சு விடாதே" என்றார். அந்தக் கட்டுரையை அவர் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்.

2002 பொங்கலுக்கு அவள் ஊரில் இருந்தபோது தகவல்தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: கட்டுரையில் குறிப்பிட எண் வேண்டுமென்று அவள் தன் பெயரிலும் சக்கரவர்த்தி பெயரிலும் பதிந்திருந்த வரிசையை உடனே வெளியிடலாமா, நிறுத்திவைக்கலாமா? அதன் நகல் சக்கரவர்த்திக்கும் போனது; போன வேகத்தில் அவருடைய போன் வந்தது.

"நிறுத்தி வைக்கணும். இல்லேன்னா தீசிஸ்ல என் கையெழுத்து கிடையாதும்மா."

அப்பா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க சொல்றதுதாங்க நியாயம். டிசைனை எவனாச்சும் தெருவுல போடுவானா?" ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இருவரும் சம்பந்தம் பேசுகிறவர்கள்போல ஒத்துப்போனார்கள்.

"சார் இவ்ளோ சொல்லிகினு இருக்காரு, உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

"ஊரான் போட்டு வெச்சதை எல்லாம் எடுத்துக்கினு, என்னுதை மட்டும் மூடி வெக்கறதாப்பா?"

"கையெழுத்து?"

"போடாம இருக்கட்டும்."

பஜாரில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், 'உடனே வெளியிடவும்' என்று பதில் அடித்தாள்.

அடுத்த மாதமே முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் எழுதினார்: வரிசையின் முனையில் இருக்கும் துண்டு எலியினுடையது அல்ல; ஆய்வுக்கூடத்தில் அந்த மரபணுவை ஏற்றிவைத்த பாக்டீரியாவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

சக்கரவர்த்தியின் முகத்தில் அப்படி ஒரு களை. "சொன்னேன்ல? இப்ப உலகமே சிரிக்குது."

"அந்தத் துண்டைப் பத்தி நீங்க நாலு பக்கம் எழுதியிருக்கீங்களே, சார். அது அச்சாகியிருந்தா?"

களை இறங்கியது. தேவிப்ரியா துண்டை வெட்டிவிட்டு, திருத்திய பதிப்பைப் பதிந்தாள். பழையதும் அதன் கீழேயே, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது.

"அந்தப் பழசை எடுக்கச் சொல்லி எழுது. கையெழுத்துப் போடறேன்" என்று இறங்கிவந்தார் சக்கரவர்த்தி.

"எழுத மாட்டேன் சார். தப்பும் என் பேர்லயே இருக்கட்டும். வேணும்னா உங்க பேரை எடுத்துடச் சொல்லட்டுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. அவள் வேறு துறைக்கு மாறி, வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து பதிவு செய்து, 2006இல்தான் டாக்டர் ஆனாள். இரண்டு பதிப்பும் இன்னும் அங்கே இருக்கின்றன. இரண்டிலும் இரண்டாவது பெயர் சக்கரவர்த்தி. அதை நீக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.