எலுமிச்சைக்குப் போன ஊசி

என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்தது எழுபதுகளின் நடுவில், நாங்கள் மாரெட்பள்ளியில் இருந்தபோது. அவருக்கு அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, மூன்று மாதம், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மருந்துக் குப்பிகள் எங்கள் அலமாரியில் இருக்கும். காலையில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், தெருமுனைக் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவார்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கொல்லை எலுமிச்சைக்கு நோய் கண்டது. இலையெல்லாம், காயெல்லாம் சொறி பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி. அவர் கையால் வைத்த மரம், முதல் காய்ப்பு. அவரோடு பஸ்ஸில் வருகிறவரின் தம்பி விவசாய இலாகாவில் இருந்தார். இது பாக்டீரியாவால் வருவது, சொறி கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிட்டு ஸ்ட்ரெப்டோமைசின் கரைத்த தண்ணீர் தெளித்தால் கட்டுப்படும் என்று சொல்லி அனுப்பினார். "பரவாயில்லையே, புருஷனுக்கும் மரத்துக்கும் ஒரே மருந்து!" என்று கேலி செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஞாயிறுதோறும் கைப்பம்பில் மருந்து அடித்தார். கடையில் வாங்கியது என்றார். நம்பினேன். மரம் மாசுமருவில்லாத தளிர் விட்டது. இவருக்கோ மறுபடி இருமல்.

பம்பைக் கழுவி வைக்கப் போனபோது சாக்குக்கு அடியில் குப்பிகளைப் பார்த்தேன். ஊசி போட்ட குப்பியில் ரப்பர் மூடி அப்படியே இருக்கும், நடுவில் ஒரு துளை மட்டும். இவற்றிலோ மூடியையே பிடுங்கியிருந்தது. கம்பவுண்டரிடம் போய், இவர் ஊசிக்கு வருவதில்லையா என்று கேட்டேன்.

"ஹவ்மா, சார் வந்து மூணு வாரமாச்சு. டாக்டர் நிறுத்திட்டார்னுல்ல சொன்னாரு!"

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன் குப்பிகளை எதிரே கொட்டினேன். "ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"எனக்குத்தான் சரியாயிடுச்சேன்னு..." என்று இழுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பாவும் இதே இருமல்லதான் போனாரு. நான் இருக்கேனோ இல்லையோ, மரமாவது உனக்குக் காய்க்கட்டும்னு நெனச்சேன்."

கோபம் எங்கே போயிற்றோ, அழுதுவிட்டேன். "நீங்க இல்லாத வீட்டுல நான் யாருக்குங்க ஊறுகாய் போடுறது?"

டாக்டர் அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். அன்றிலிருந்து குப்பி என் கையில். கம்பவுண்டரின் திரைக்குப் பின்னாலிருந்து "ஸ்ஸ்" என்று அவர் முனகுவது காதில் விழுந்த பிறகுதான் வீடு திரும்புவேன். மூன்று மாதமும் அப்படித்தான்.

மரத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு மருந்து கொடுக்கவில்லை. மழைக்குப் பிறகு புள்ளிகள் திரும்பி வந்தன. புள்ளி தோலோடு சரி, சாறு நன்றாகவே இருந்தது. அத்தனையையும் பறித்து ஊறுகாய் போட்டேன். முதல் துண்டை அவர் தட்டில் வைத்தேன்.