நாலு சக்கரப் பூட்டு

இது கதை இல்லை. கதை கட்டும் அளவுக்கு எனக்குப் பொறுமையும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நேரத்தில்கூடத் தப்பிருக்காது, ஏனென்றால் அன்று மாலை முழுக்க என் கணவரின் கைக்கடிகாரம் என் மணிக்கட்டில் இருந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

என் பெயர் புருல். நாரின் என்ற ஊருக்குப் பக்கத்து மலையில் ஆடு வளர்க்கிறோம். கோடையில் மேல் புல்வெளியில் கூடாரம், குளிர்காலத்தில் கீழே கல் வீடு. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஏழெட்டு வீடுகள் இருக்கின்றன. ஆள் இல்லாத மாதங்களில் ஒருவரும் பூட்ட மாட்டார்கள். கொஞ்சம் வறட்டி, தீப்பெட்டி, தேயிலை, காய்ந்த ரொட்டி எல்லாம் உள்ளே வைத்துவிட்டுப் போவோம். பனிப்புயலில் மாட்டிக்கொண்டவன் எவனாக இருந்தாலும் உள்ளே போய் உயிர் பிழைத்துக்கொள்வான்.

என் கணவர் கல்முரத் மட்டும் பூட்டினார். போன வருடம் எவனோ எங்கள் அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சந்தைக்குப் போய்ச் சாவியே இல்லாத பூட்டு ஒன்றை வாங்கி வந்தார். நாலு பித்தளைச் சக்கரங்கள். நாலு எண்களையும் சரியாக வைத்து இழுத்தால்தான் திறக்கும்.

"சாவின்னா தொலையும். நம்பர் எங்க தொலையும்?" என்றார்.

"எனக்கும் சொல்லி வைங்க."

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

மே மாதம் பூட்டிவிட்டு மேலே போனோம். அக்டோபர் கடைசியில் இறங்கினோம். அதற்குள் ஒரு பெரிய பனிப்புயல் வந்து போயிருந்தது. மைத்துனர் மந்தையை ஓட்டிக்கொண்டு நாலு நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. வீட்டைச் சூடாக்கி வைக்க நாங்கள் இருவரும் முன்னால் கிளம்பினோம்.

கணவாயில் அவர் குதிரை சறுக்கி அதன் கால் முறிந்தது. அவர் தலை பாறையில் மோதியது. ரத்தம் அதிகமில்லை. ஆனால் பேச்சு குழறியது, இடது கை வீங்கிவிட்டது. கடிகாரத்தைக் கழற்றி நான் கட்டிக்கொண்டேன். அவரை என் குதிரையின் சேணத்தோடு சேர்த்துக் கட்டி, நான் நடந்தே வந்தேன்.

வீட்டை அடைந்தபோது மணி 4:20. புயல் மறுபடியும் கிளம்பியிருந்தது. அடுத்த வீட்டுக்குப் பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும். இரவு வெளியே கிடந்தால் அவர் பிழைக்க மாட்டார். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

சுவரோரம், காற்று படாத இடத்தில் ஒரு பனிமேடு இருந்தது. சாய வாகாக இருந்தது. அவரை அதில் சாய்த்துக் கம்பளிகளைப் போர்த்தினேன்.

"நம்பர் என்னங்க?"

"ஒன்னு... ஒம்போது... ஏழு, ஒம்போது. நீ பொறந்த வருஷம்."

"நான் பொறந்தது எம்பத்தி மூணு. எழுபத்தொம்போது உங்க அக்கா."

"அப்ப... தெரியல, புருல்."

கதவுக்குப் போனேன். பூட்டில் கை வைத்ததும் ஏதோ உறுத்தியது. அந்தக் குளிரில் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை. பூட்டு வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ கையில் பொத்தி வைத்திருந்தது போல.

சக்கரங்களில் 3815 என்று இருந்தது. பூட்டிய அன்று அவர் கலைத்துவிட்ட எண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். 1979 வைத்து இழுத்தேன். இல்லை. 1983. இல்லை. கல்லை எடுத்து அடித்தேன். கல்தான் உடைந்தது. கோடரி வீட்டுக்குள்ளே. ஜன்னல் என் முகத்தளவுதான், அதற்கும் கம்பி. கணவரையும், பூட்டையும், அந்தப் புகைக்குழாய்த் திருடனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியாக 2008 வைத்துப் பார்த்தேன், எங்கள் கல்யாண வருடம். அதுவும் இல்லை.

4:45. அவரிடம் ஓடினேன். உதடு நீலமாகியிருந்தது.

"அவருக்கு... விரல் ரொம்ப வலிக்குதாம்," என்றார்.

"யாருக்கு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

4:48. திரும்பக் கதவுக்கு வந்தேன். சக்கரங்களில் நான் வைத்த 2008 இல்லை.

3816 என்று இருந்தது.

டிக்.

கடைசிச் சக்கரம் ஒரு எண் நகர்ந்தது. 3817. பூட்டு ஒருமுறை கீழே இழுபட்டது. திறக்கவில்லை.

"ஹா..."

குளிரில் விரல்களை வாயருகே வைத்து ஊதுவோமே, அந்தச் சத்தம். என் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது. யாரோ கதவடியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கும் உயரம்.

டிக். பூட்டு இழுபட்டது. "ஹா..."

என் குதிரை கயிறு இறுகும் அளவுக்குப் பின்வாங்கி நின்றது.

ஓடலாம். ஆனால் அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? நின்றேன். நின்று பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. யாரோ ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்று விடாமல்.

வேகமாக நானே சுழற்றிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

சக்கரத்தின் மேல் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

கல் மாதிரி இருந்தது. நகம் இல்லை.

நான் பின்னால் விழுந்தேன்.

டிக்... "ஹா..." டிக்...

5:05. கதவு நிலையில் ஒரு சத்தம். கர்ர்ர்... மரத்தைக் கீறுவது போல. பிறகு மறுபடி டிக்.

"நிறுத்திடாதீங்கண்ணே," என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "கும்பிட்டுக் கேக்கறேன். எம் புருஷன் செத்துருவாரு."

5:25. கர்ர்ர்...

கல்முரத்தின் நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நிற்பது நல்லதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

5:45. கர்ர்ர்...

டிக்.

டிக்.

5:50.

டிக்.

பூட்டு திறந்து தொங்கியது. 4127.

அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் ஒருக்களித்துத்தான் போனேன், இடம் விட்டு.

உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன்.

பனி எங்கும் கொட்டியது. வாசலில் ஓரிடத்தில் மட்டும் கொட்டவில்லை. ஓர் ஆள் அகலத்துக்கு.

அது உள்ளே வரவில்லை.

நான் கூப்பிடட்டும் என்று காத்திருந்தது.

வாசலில் நிற்பவரை உள்ளே வாங்க என்று சொல்லாமல் விடுவது எங்களிடம் இல்லை. எதிரியாக இருந்தாலும் சொல்வோம். எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெளியே ஒரே ஒரு தடவை...

"ஹா..."

பிறகு காற்றுதான்.

அடுப்பு பற்றியது. கல்முரத் பிழைத்தார். மறுநாள் முழுக்கப் புயல். மூன்றாம் நாள் காலை, 8:10க்கு, மூன்று பேர் குதிரையில் வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் ஜுமாகாதிர். கணவாய்க்கு அப்பால் உள்ள ஊர். அவருடைய தம்பி, வழி தவறிப்போன பெட்டைக் குதிரையைத் தேடி வந்து, முதல் புயலில் காணாமல் போய்விட்டாராம். பதினொரு நாள் ஆகிவிட்டது என்றார்.

அவர்களுடைய நாய் சுவரோரப் பனிமேட்டில் போய் நின்றது. அசையவில்லை.

நான் என் கணவரைச் சாய்த்து வைத்த மேடு.

தோண்டினார்கள். முழங்காலை மடக்கி, சுருண்டு கிடந்தார். வலது கையில் சிறிய கத்தி. விரல் நுனிகளில் தோலும் இல்லை, நகமும் இல்லை. ஜுமாகாதிர் தம்பியின் கையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன்.

பிறகு எழுந்து கதவுப் பக்கம் வந்தார். நிலையில் படிந்திருந்த உறைபனியைக் கையால் துடைத்தார். கீழிலிருந்து மேலாகக் கத்திக் கீறல்கள், வரிசையாக.

"எந் தம்பி போட்டதுதான்," என்றார். "ஆடு எண்ணும்போது இப்படித்தான். நூறுக்கு ஒரு கோடு போடுவான்."

விரலை வைத்து எண்ணினார். நாற்பத்தொன்று.

நானும் பார்த்தேன். முப்பத்தெட்டுக் கோடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. கடைசி மூன்றில் மரம் வெள்ளையாக இருந்தது. நேற்றுக் கீறியது போல.

"பூட்டு நம்பர் என்னம்மா?"

"நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு."

அவர் கோடுகளைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப தொறந்துட்டானே, தங்கச்சி... அப்பறம் ஏன் உள்ள போகல?"