கடல் திரும்பி வந்த மத்தியானம்

டென்மார்க்கிலிருந்து மகளோடு விடுமுறைக்குப் பிரான்சில் ஒரு சின்னக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். கடல் வற்றி உள்வாங்கியதும் ஊர்ச்சனம் முழுக்க வாளியோடு இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கும். பாண் கடைக் கண்ணாடியில் நேரங்கள் எழுதி ஒட்டியிருந்தார்கள். பாண் சுடும் நேரம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மகள் படுத்திருக்க, நானும் வாளியோடு இறங்கினேன். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்டிலிருந்து போகும் கடற்கரையில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நினைப்பில் குனிந்த தலை நிமிராமல் வெகுதூரம் போய்விட்டேன்.

ரப்பர் சப்பாத்துப் போட்ட, என் வயது அம்மா ஒருவர் தூரத்தில் நின்று கத்தினார். தங்கள் மட்டியை எடுப்பதற்கு ஏசுகிறார் என்று வெட்கப்பட்டு, இன்னும் அப்பால் நடந்தேன்.

நிமிர்ந்தபோது எனக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஓடியது. அந்த அம்மாதான் இடுப்பளவு தண்ணீரில் வந்து, என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போனார். வாளி கடலோடு போயிற்று.

தேடி வந்த மகளுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். அவரோடு கதைத்துவிட்டு, "பாண் கடையில ஒட்டினது கடல் வாற நேரமாம். அவ கூப்பிடக் கூப்பிட ஏனம்மா மற்றப்பக்கம் போனீங்கள்?" என்றாள்.

"ஏசுறா எண்டு நினைச்சன் பிள்ளை."

மகள் அதைச் சொல்ல, அவர் சிரித்தார்.

"ஓம், ஏசினவதானாம். கடல் வருது, வெளியில வா எண்டு."

இப்போது இக்காஸ்ட் வீதியில் யார் பின்னால் கூப்பிட்டாலும், விளங்காவிட்டாலும் நின்று திரும்புகிறேன். போன கிழமை திரும்பியபோது, ஒருவர் கீழே விழுந்த என் கையுறையை நீட்டிக்கொண்டு நின்றார்.